சேவலுக்குக் கீழே ஒரு காலி இடம்

1

போர்த்துகல் அரசாங்கத்தைப் பொறுத்தவரை எனக்கு வலது கை கிடையாது. கை இருக்கிறது. சோறு பிசைகிறது, பேருந்தில் கம்பியைப் பிடிக்கிறது, பக்கத்து வீட்டு நாயைத் தடவிக் கொடுக்கிறது. ஆனால் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போய், அங்கிருக்கும் சின்னக் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரல்களை வைத்தால், பெட்டி சிவப்பு வெளிச்சத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு, இங்கே ஆளே இல்லை என்று அறிவித்துவிடும். உள்ளங்கையும் விரல் நுனிகளும் இஸ்திரி போட்டதுபோல் வழவழவென்று இருக்கின்றன. இந்த உவமையை நான் மெனக்கெட்டுத் தேடவில்லை. கிட்டத்தட்ட நடந்ததே அதுதான்.

முன்பெல்லாம் இருந்த அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டு இடது கையை மட்டும் வாங்கிக்கொள்வார். இந்த முறை புது அதிகாரி, புதுப் படிவம். ரேகை ஏன் இல்லை என்று காரணம் சொல்ல வேண்டும். நான்கு கட்டங்கள்: பிறவி, நோய், விபத்து, வன்முறை. ஒன்றில் குறி போட்டுக் கீழே நாலு வரி விளக்கம்.

விளக்கம் எழுதும் அளவுக்கு எனக்கு இந்த மொழி வராது. இங்கே ஆண் சொல்லும் நன்றி வேறு, பெண் சொல்லும் நன்றி வேறு. என் மனைவி பூங்கொடி வேலை செய்யும் பனியன் ஃபேக்டரியில் தையல் வரிசை முழுக்கப் பெண்கள். அவள் அங்கே கற்றுவந்ததை நான் வீட்டில் கற்றுக்கொண்டேன். விளைவாக, இரண்டு வருடம் முழுக்க, இந்த மீசையை வைத்துக்கொண்டு, ஊரில் உள்ள எல்லோருக்கும் பெண்பாலில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் திருத்தவில்லை. நாகரிகமான ஜனங்கள். என் மகள் தாரணிதான் திருத்தினாள், தன் சிநேகிதிகள் நாலு பேர் முன்னால். அன்றிலிருந்து அலுவலக வேலைகளுக்கெல்லாம் அவள்தான் துணை. இங்கே வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது பதினெட்டு. தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது மட்டும், குடையை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர் மாதிரி வினைச்சொல்லைத் தேடுவாள்.

"அப்பா, விபத்துதான? மெஷின்ல கை மாட்டுச்சு." அவள் பேனா மூன்றாவது கட்டத்தின் மேல் நின்றது.

நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடத்தில் ஒருநாள், இதே நாள், காலை பத்து மணிக்குள் திருப்பூரிலிருந்து எனக்கு ஒரு போட்டோ வரும். ஒரு ஆளின் வெற்று மார்பு. அது வந்துவிட்டால் இன்னொரு வருடத்துக்கு மூச்சு விடலாம். மணி பதினொன்று ஆகியும் வரவில்லை. அது வரவில்லை என்றால் எங்கோ ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடக்கலாம் என்று அர்த்தம்.

"அப்பா, கேக்கறேன்ல."

"டோக்கன் எத்தன?"

"நம்மது எண்பத்தி நாலு. இப்ப ஐம்பத்தி ஒண்ணு."

"அப்ப நேரமிருக்குது. உக்காரு கண்ணு. அது விபத்தில்ல."

2

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

நான் பச்சை குத்துகிறவன் ஆனது முப்பத்தொன்பதாவது வயதில். மனிதர்கள் அந்த வயதில் சர்க்கரை வியாதியோ ஆன்மிகமோ தொடங்குவார்கள். அதற்கு முன் பதினெட்டு வருடம் திருப்பூர் மண்ணரையில் பனியனுக்குப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தைகள் பனியனில் வரும் கரடி, முயல், சிரிக்கும் பீரங்கி எல்லாம் நம் கைவண்ணம். கம்ப்யூட்டரில் படம் வரைந்து, அதைக் காகிதத்தில் அச்சிட்டு, காகிதத்தைத் துணிமேல் குப்புறப் போட்டு, சூடான பிரஸ்ஸில் பதினைந்து வினாடி அழுத்தினால் படம் துணிக்கு ஏறிவிடும். குப்புறப் போடுவதால் படத்தை முதலிலேயே இடவலமாகத் திருப்பிவிட வேண்டும். திருப்ப மறந்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்தது மாதிரி விழும், ஐந்நூறு பனியன் குப்பைக்குப் போகும். ஆகவே மறக்கவே கூடாது. நானும் மறந்ததே இல்லை. இடவலம் மாறிய எழுத்தை நேர் எழுத்தைவிட வேகமாகப் படிப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆர்டர் குறைந்த ஒரு வருடத்தில், சும்மா உட்காரப் பிடிக்காமல், கோயம்புத்தூரில் நாலு வார டாட்டூ வகுப்பில் சேர்ந்தேன். வாத்தியாருக்கு வயது இருபத்திமூன்று, காதில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. என்னை "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டான். முதல் பயிற்சியை என் தொடையிலேயே செய்துகொண்டேன். மயில் வரைந்தேன். இன்றுவரை பார்த்தவர்கள், பார்த்தவர் ஒருவர்தான், அதைப் பூசணிக்காய் என்கிறார்.

ஆனால் மூன்றாவது மாதம் ஒரு பெண்ணின் முன்கையில் அவள் அம்மாவின் கையெழுத்தை அப்படியே பதித்துக் கொடுத்தபோது, எனக்குள் ஏதோ ஒன்று சப்பணமிட்டு உட்கார்ந்தது. துணி அசையாது. தோல் மூச்சு விடும், சிலிர்க்கும், ஊசிக்கு அடியில் பயப்படும். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து மறுகையால் கோடு இழுக்கும்போது, அந்தக் கோடு அந்த ஆளோடு கட்டைக்குப் போகும் என்று தெரியும். பனியன் மூன்று சலவையில் வெளுத்துவிடும், ஆர்டர் கொடுத்த பையர் திருப்பி அனுப்புவான். தோலை யாரும் திருப்பி அனுப்ப முடியாது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்னறையில் என் டாட்டூ நாற்காலி, பின்னறையில் பூங்கொடியின் பிரஸ் என்று ஒரே கடையில் இரண்டு தொழில். அவள் பிரஸ்ஸின் டைமர் பீப் பீப் என்று கத்தும், என் ஊசி கொர்ரென்று பதில் சொல்லும். அது எங்கள் வாழ்க்கையின் நல்ல காலம். நல்ல காலம் என்பது அப்போது தெரியவில்லை, இரைச்சலாகத்தான் இருந்தது.

3

சுடலை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெற்கத்திக்காரர். சாயப்பட்டறையில் வேலை. முழங்கை வரைக்கும் கழுவிப் போகாத நீலம். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் அந்த மார்பைப் பார்த்தால் தானாகவே 'வாங்க' என்றுதான் வாயில் வரும். கதவு மாதிரி இருந்தது.

"தம்பி பேரு போடணும் அண்ணாச்சி. முத்துராஜ். பெருசா. நெஞ்சு முழுக்க."

"சின்னதா, அழகா, இதயத்துக்கு மேல..."

"அழகு வேண்டாம். பத்தடி தூரத்துல நிக்கவன் வாசிக்கணும்."

பச்சை குத்தும்போது ஆட்கள் பேசுவார்கள். வலி வாயைத் திறந்துவிடும். மூன்று மணி நேரத்தில் தம்பியின் கதை முழுக்க வந்துவிட்டது. கோயில் கொடைத் திருவிழாவில் மேளத்துக்கு முன்னால் யார் நிற்பது என்று தகராறு. மறுவாரம் பஸ்ஸுக்கு நின்றிருந்த தம்பியை ஆறு வெட்டு. ஆறாவது வெட்டு, விழுந்த பிறகு. வெட்டியவன் ஜாமீனில் வந்து வாழைத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறான்.

"தம்பியோட நாளு அடுத்த வாரம் வருது. அன்னிக்கு அவன் முன்னால போயி நிப்பேன். சட்டையக் கழட்டுவேன். 'வாசிலே'ம்பேன். வாசிக்கணும், வாய்விட்டு. அவன் கடைசியா வாசிக்கது என் தம்பி பேரா இருக்கணும். பொறவுதான் அருவா."

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். 'ரா'வின் வளைவு சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆட்கள் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். ஒருவன் மலேசியாவை வாங்கப் போவதாகச் சொன்னான். இதுவும் பேச்சு என்று விட்டுவிட்டேன். அல்லது பேச்சில்லை என்று தெரிந்தும், வேலை நன்றாக வருகிற சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கம்.

முடித்ததும் சுடலை எழுந்து சுவரில் இருந்த கண்ணாடி முன் நின்றார். எழுத்துகள் கொட்டிய ரத்தத்தோடு கம்பீரமாக நின்றன. "மு-த்-து-ரா-ஜ்" என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

வாசகர்களில் விவரமானவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். கண்ணாடியில் எழுத்து நேராகத் தெரிந்தால் மார்பில் எப்படி இருக்கும்? தோலில் ஒற்றி எடுக்கும் டாட்டூத் தாளுக்குப் படத்தைத் திருப்பவே தேவையில்லை; பதினெட்டு வருடப் பழக்கத்தில், கை தானாகப் போய், படத்தை இடவலமாகத் திருப்பித்தான் அச்சிட்டிருந்தது. மூன்று மணி நேரம் அந்த எழுத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக் குத்தியவனுக்கு அது இடவலம் மாறியதாகவே படவில்லை. சொன்னேனே, அதைத்தான் நான் வேகமாகப் படிப்பேன் என்று.

4

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் சுடலை. சட்டை திறந்திருந்தது.

"ரூம்ல எட்டுப் பேரு இருக்கோம். ஒருத்தனுக்கும் வாசிக்க முடியல. ஒருத்தன் தெலுங்கான்னு கேக்கான். ஒருத்தன் கண்ணாடியக் கொண்டாந்து காட்டி சிரிக்கான். என் தம்பியப் பாத்து சிரிக்கானுவ அண்ணாச்சி."

"ஏனுங்க, உக்காருங்க, பேசிக்கலாம்..."

"அவன் முன்னால போயி நின்னா, அவனும் சிரிப்பாம்லா?"

அப்போதுதான் மார்பைப் பார்த்தேன். பார்த்ததும் நான் சொன்ன வார்த்தை இன்றும் எனக்கு வெட்கம் தருவது. "ஐயோ, மிரர் போட்டுட்டேன்" என்றேன், ஐந்நூறு பனியன் போச்சே என்கிற அதே குரலில்.

முதல் அடி வாயில் விழுந்தது. பல் ஒன்று நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது அடி நினைவில்லை. கூட வந்த இருவரும் தோளுக்கு ஒருவராகப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப் போனார்கள். அங்கே பிரஸ்ஸின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் சூடாக இருந்தன. நூற்றெழுபது டிகிரி. பூங்கொடி ஒரு பனியனை வைத்துவிட்டுக் காகிதம் எடுக்கத் திரும்பியிருந்தாள்.

"எந்தக் கையிலவே எழுதுன?"

என்ன பழக்கமோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "வலதுங்க."

சுடலை அந்தக் கையைப் பனியன் மேல் குப்புற வைத்துக் கைப்பிடியைக் கீழே இறக்கினார்.

வலியைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. சத்தத்தைப் பற்றித் தெரியும். ஈரத் துணியில் சூட்டுப் பெட்டி வைத்தால் வருகிற சத்தம்தான், புதிதாக ஒன்றுமில்லை. டைமர் தன் பாட்டுக்குப் பதினைந்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. பதினான்கு, பதின்மூன்று. நான் கத்திக்கொண்டே எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வந்தபோது, பூங்கொடி மேஜையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிச் சுடலையின் தோளில் இறக்கினாள். முற்றின கரும்பை முழங்காலில் வைத்து உடைத்த சத்தம். சுடலை உட்கார்ந்துவிட்டார். எட்டில் அவள் கைப்பிடியைத் தூக்கினாள். என் உள்ளங்கைத் தோல் பனியனில் ஒட்டிக்கொண்டது. கரடிப் படம் என் கையில் வரவில்லை. காகிதம் வைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கூட வந்த இருவரும் ஓடினார்கள். பூங்கொடி பெட்டியை இறக்காமல் சுடலையைப் பார்த்து, "இன்னொன்னு வேணுமா, சொல்லுங்" என்றாள். அந்த நிலையிலும் ஒரு 'ங்' போட்டாள்.

5

"அம்மாவா?" என்றாள் தாரணி. டோக்கன் அறுபத்தாறு. அவள் அம்மாவுக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம்.

"உங்கம்மாதான். இங்க வந்த மொத வருசம் சுத்தியல் திருநாள் ஞாபகமிருக்குதா?"

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு: இந்தப் பக்கத்தில் ஜூன் மாதம் ஒரு புனிதரின் திருநாளில், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஒருவர் தலையில் ஒருவர் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டு சந்தோஷமாகத் திரிவார்கள். தட்டினால் கீச்சென்று சத்தம் வரும். அவ்வளவுதான் வன்முறை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. யாரோ ஒரு தாத்தா பின்னாலிருந்து என் தலையில் தட்ட, நான் நடுரோட்டில் வலது கையை அக்குளில் ஒளித்துக்கொண்டு குத்துக்காலிட்டுவிட்டேன். பூங்கொடி திரும்பிய வேகத்தில் கைப்பையால் தாத்தாவுக்கு ஒன்று வைத்தாள். அவர் அதையும் திருநாளின் பகுதி என்று நினைத்து அவளுக்கு, அன்று எல்லோர் கையிலும் இருக்கும் பூண்டுப் பூ ஒன்றை நீட்டினார்.

தாரணி சிரிக்கவில்லை. "அப்புறம் போலீஸ்?" என்றாள்.

6

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இதுவும் நான் சோடித்ததில்லை. ஒரே ஆட்டோவில் போனோம். பூங்கொடிதான் ஏற்றினாள், நடுவில் அவள் உட்கார்ந்தாள். ஏட்டையா வந்து எழுதிக்கொண்டார். "மெஷின்ல கை போயிருச்சுங்க" என்றேன் நான். "படியில விழுந்துட்டேன்" என்றார் சுடலை. ஏட்டையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே படி, ஒரே மெஷினா?" என்று கேட்டுவிட்டு அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

நான் ஏன் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை? பயம், முதலில். எட்டுப் பேர் இருக்கிற ரூம். இரண்டாவது, தப்பு என்னுடையது. மூன்றாவது காரணம் இரண்டு நாள் கழித்து வந்தது. தோளெலும்புக் கட்டோடு அவர் என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, என் வலது கைத் துணிக்கட்டைப் பார்த்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இத மறைச்சிட்டு, கீழ நேரா எழுத முடியுமா அண்ணாச்சி? இந்தக் கட்டோட அந்த நாளு தப்பிரும். சரி. எழுதிட்டா, இன்னொரு நாளு போயிருவேன்."

போய்விடுவார். அந்தக் குரலில் மலேசியா வாங்குகிற தொனி இல்லை. அந்த வாழைத் தோப்புக்காரனை எனக்குத் தெரியாது. அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று வாதாட என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனால் சுடலைக்கு ஊரில் இரண்டு பெண் குழந்தைகள். அதைவிட, என் எழுத்தை ஒருவன் வாய்விட்டு வாசித்துவிட்டுச் சாவான். முதல் தடவை கேட்காத காதுக்கு அது இப்போதுதான் கேட்டது.

"முடியுங்க. மேல ஒரு சேவல் வரஞ்சு பழைய எழுத்த மறைக்கோணும். பேரு கடைசியிலதான் எழுதோணும். சேவல் நல்லா ஆறாம எழுதினா மை கலங்கிரும்."

முழுப் பொய். எந்த மையும் கலங்காது. ஆனால் தொழில்காரன் சொன்னால் ஆட்கள் நம்புகிறார்கள். அதுதான் தொழிலின் ஒரே மரியாதை.

வலது கை இனி ஊசி பிடிக்காது, தோலை இழுத்துப் பிடிக்க மட்டும் உதவும் என்று ஆகிவிட்டது. இடது கையால் கற்றுக்கொண்டேன். எங்கே? சுடலையின் மார்பில். மாதத்துக்கு ஒருமுறை உட்காருவார். ஒரு தடவைக்கு மூன்று இறகு, நாலு இறகு. முதல் இறகுகள் புயலில் அகப்பட்டவை மாதிரி இருந்தன. அதனாலேயே சேவல் சண்டையில் இருப்பதாக மாற்றி வரைந்தேன். கழுத்துக்கு வந்தபோது கை பழகிவிட்டது. வால் இறகை இழுத்த அன்று, வலது கையால்கூட நான் போட்டிராத ஒரு கோட்டை இடது கை போட்டது. தோளிலிருந்து விலா வரை, ஒரே இழுப்பு. விளக்கைக் கிட்டே இழுத்து இன்னொரு முறை பார்த்தேன். என்னை எரித்தவனின் மார்பில்தான் என் தொழில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த மாதங்களைப் போல ஒரு திருப்தியை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

"கோழிக்கு இம்புட்டு றெக்கையா அண்ணாச்சி?"

"இது சேவலுங்க. கோழிக்குக் கம்மி."

பூங்கொடி பின்னறையிலிருந்து டீ கொண்டுவருவாள். எனக்குச் சர்க்கரை போட்டு, அவருக்குப் போடாமல். அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டு, "நல்லாருக்கு மதினி" என்பார். இஸ்திரிப் பெட்டி அவள் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருந்தது.

ஒரு வருடத்தில் சேவல் முடிந்துவிட்டது. கொண்டை, மூக்கு, காலில் முள், எல்லாம். இனி ஒரு இறகுகூடச் செருக முடியாது. கீழே ஒரு சாண் காலி இடம். அடுத்த மாதம் பேர். அந்த வாரம்தான் பூங்கொடியின் அண்ணன் போர்த்துகலிலிருந்து கூப்பிட்டான். இங்கே ஒரு பனியன் ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள், குடும்பத்தோடு வரலாம் என்று. ஊரே ஆச்சரியப்பட்டது, பனியன் தைக்கத் திருப்பூரிலிருந்து ஒருத்தி வெளிநாடு போவாளா என்று. நான் இரண்டு நாளில் சம்மதித்தேன்.

"ஆறு மாசத்துல வந்துருவேனுங்க. நல்ல மை கொண்டாந்து பேர எழுதறேன். வேற யார்கிட்டயும் போயிராதீங்க, சேவல் கெட்டுப்போகும்" என்றேன் சுடலையிடம்.

"நீங்க வரமட்டும் காத்திருக்கேன்" என்றார்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் தம்பி செத்த நாளில் மார்பைப் போட்டோ எடுத்து அனுப்புவார். சேவல், கீழே காலி இடம். 'எப்ப வாரிய அண்ணாச்சி?' 'அடுத்த வருசமுங்க.' என் அப்பா போனபோதுகூட நான் ஊருக்குப் போகவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். கிடைத்தது. அப்பாவின் முகத்தைப் பக்கத்து வீட்டுக்காரரின் போனில் பார்த்தேன், அவர் போனைப் பிடித்த கோணத்தில் பாதி முகம்தான் தெரிந்தது.

7

தாரணி படிவத்தை மடியில் வைத்து அதன் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். டோக்கன் எழுபத்தெட்டு.

"இதுக்குத்தான் அப்பாரு செத்தப்ப போகலையா?"

"ஆமா."

"எனக்கு யாரும் சொல்லல."

"நீ சின்னப் புள்ள."

"நான் ரொம்ப நாளாச் சின்னப் புள்ள இல்லப்பா." பிறகு, "போன் பண்ணுங்க" என்றாள்.

ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் அவருக்குக் கூப்பிட்டுப் பேசியதில்லை. குரலைக் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவேனோ என்று பயம். அவளே என் போனிலிருந்து எண்ணைப் பார்த்துத் தன் போனில் கூப்பிட்டுவிட்டாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. என் வலது கை, அக்குளில்.

"யாருவே அது, இம்புட்டு நீள நம்பர்ல இருந்து?"

"நான்... தாரணி. டாட்டூக்காரர் பொண்ணு."

"ஏ தாயி! மதினி மவளா? அப்பா நல்லாருக்காவளா?"

நான் போனை வாங்கினேன். "போட்டோ வரலீங்களே."

"அனுப்ப ஒரு மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி." குரல் மெலிந்திருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. "நெஞ்சப் பொளந்துட்டானுவ."

"யாருங்க? அந்தத் தோப்புக்காரன் ஆளுங்களா?"

"டாக்டரு. மூணு அடைப்பாம். ரம்பத்தால அறுத்து, கம்பி போட்டுத் தச்சிருக்காவ. சேவலப் பாத்துச் செய்யுங்க சார்னு சொல்லித்தான் படுத்தேன். மயக்க ஊசி போட்ட பொறவு எவன் பாக்கான்? இருங்க, அனுப்புதேன்."

படம் வந்தது. தொண்டைக் குழியிலிருந்து கீழ் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு, நேராக என் சேவலின் நடுவே. தைத்தவர் ஒரு நூல் தவறவிட்டிருந்தார். கழுத்து ஒரு பக்கம் ஏறியிருக்க, தலை மறுபக்கம் இறங்கியிருந்தது. இரண்டு வர்ணம் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழாத பனியன் மாதிரி. சேவலைத் தாண்டிக் கீழே, பேருக்கு வைத்திருந்த காலி இடத்தையும் அந்தக் கோடு இரண்டாக்கியிருந்தது. மார்பு ஒடுங்கியிருந்தது. கதவு இல்லை இப்போது, ஜன்னல்.

"இனி அந்த வேலையெல்லாம் ஆகாதுங்க" என்றேன்.

"மூணு மாசத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கப்படாதுன்னுட்டாவ." மூச்சு. "அருவா ஒண்ணரக் கிலோதான் அண்ணாச்சி. நிறுத்துப் பாத்துட்டேன்."

நான் படத்தைப் பெரிதாக்கித் தையலைப் பார்த்தேன். அவரே கேட்டார்:

"தழும்பு மேல பேரு எழுதலாமா?"

"ஆறோணுங்க. எலும்பு மேல இருக்கற தழும்பு. ரெண்டு வருசம் ஆகும்."

"ரெண்டு வருசமா?"

"கொறஞ்சது."

பிறகு, "நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்றார். "மதினிகிட்ட சொல்லுங்க, இப்ப நெசமாவே சக்கர இல்லாமத்தான் குடிக்கேன்னு."

போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தாரணி கேட்டாள். "அப்பா, திருப்பூர்ல டாட்டூ கடை எத்தன இருக்கும்?"

"இப்பத் தெருவுக்கு ஒண்ணு."

"அப்ப ஏன் அவர் ஒன்பது வருஷமா உங்களுக்காக..." என்று தொடங்கி, வழக்கம்போல வினைச்சொல்லைத் தேடினாள். கிடைக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

எண்பத்து நாலு என்று பலகையில் வந்தது.

அதிகாரி என் வயதுக்காரி, மூக்கு நுனியில் கண்ணாடி. பெட்டியில் வலது கையை வைத்தேன். ஆளில்லை. படிவத்தைக் கேட்டார். தாரணி என்னைப் பார்த்தாள். நான் பேனாவை வாங்கி, நான்காவது கட்டத்தில் குறி போட்டேன். வன்முறை என்று குறி போட்டால் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி. செய்தவர் பெயர். அதற்கு எதிரே ஒரு சாண் நீளத்துக்குக் காலி இடம்.

நான் எழுதாமல் நீட்டினேன். அந்த அம்மாள் பேனா முனையால் காலி இடத்தைத் தொட்டு, பெயர் என்றார். அந்தச் சொல் எனக்கே புரிந்தது.

"என்ன சொல்லட்டும்?" என்றாள் தாரணி.

"ஆறட்டும், எழுதறேன்னு சொல்லு கண்ணு."

அதை அவள் அந்த மொழியில் எப்படிச் சொன்னாள் என்று தெரியாது. நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. ஒரு இடத்தில் என் வலது கையைக் காட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என் வலது கையைப் பார்த்தார், பிறகு என்னை. படிவத்தை அப்படியே கோப்பில் வைத்து மூடிவிட்டு, பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

இடது கையை வைத்தேன். பெட்டி ஒருமுறை தேடிவிட்டுப் பச்சை காட்டியது.